எங்க மேஞ்ச ஆடு?

"உங்க ஊர்ல குரங்கு மூளையைக் குளிர வச்சுத் தின்பீங்களாமே, நிஜமா?"

கப்பலில் சேர்ந்த மூன்றாம் நாள் இப்படிக் கேட்டவர் போலந்துக்காரரான செகண்ட் இன்ஜினியர். வருடம் 1994. நான் அப்போது மெஸ்மேன். தட்டு கழுவி, மேசை துடைத்து, மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்கிற ஆள். அவர் நக்கலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். 1984-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் இந்திய அரண்மனை விருந்து ஒன்று வரும். அதில் கடைசியாகக் குரங்குத் தலையைத் திறந்து கரண்டியால் அள்ளித் தின்பார்கள். அந்த ஒரு காட்சிக்காக அடுத்த இருபத்துச் சொச்சம் வருடத்தில் உக்ரைன்காரர், குரோஷியாக்காரர், கிரேக்க நாட்டு கேப்டன் ஒருவர் என்று எட்டுப் பேருக்காவது நான் விளக்கம் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு "இல்லை சார்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. குரங்கு மூளை கிடையாது, சரி. ஞாயிறு தவறாமல் ஆட்டு மூளை தின்று வளர்ந்தவன்தானே நான்? அதைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

எங்களுக்குத் தூத்துக்குடி. தலைக்கறி என்றால் வீட்டில் அது ஆச்சியின் பொறுப்பு. விடிவதற்கு முன்னால் என்னையும் இழுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போய்விடுவாள். பாய் உரித்த ஆட்டைத் தொங்கவிட்டு, புளியங்கட்டையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருப்பார். ஆச்சி ஒரு நாளும் விலையை முதலில் கேட்டதில்லை.

"ஏய்யா, எங்க மேஞ்ச ஆடு?"

"ஓட்டப்பிடாரம் பக்கம் ஆச்சி. கரிசக்காட்டு ஆடு. கொடியாடு."

கொடியாடு எங்கள் பக்கத்து இனம். உயரமாக, காலெல்லாம் நீண்டு, வெள்ளையில் கருப்போ செவலையோ தெறித்த மாதிரி இருக்கும். வேலிக்கருவை நெற்றும் காட்டுச் செடியும் தின்று வளர்ந்தது என்றால் ஆச்சிக்குத் திருப்தி. டவுனுக்குள் சுற்றும் ஆடு என்றால் திரும்பிவிடுவாள். டவுன் ஆடுகள் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரை மைதாப் பசையோடு உரித்துத் தின்னும். "போஸ்டர் தின்ன ஆட்டு மூளையைத் தின்னா படிப்பா வரும்? சினிமா வசனந்தான் வரும்" என்பாள். மூளை தின்றால் படிப்பு வரும் என்று அவள் உறுதியாக நம்பினாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றது தனிக் கதை.

பாய் மண்டையை ஒரே வெட்டில் பிளந்து, மூளை சிதையாமல் இரண்டு விரலால் அலுங்காமல் எடுத்து ஓலைப்பட்டையில் வைப்பார். தலையை வீட்டில் தீயில் வாட்டி, முடி பொசுங்கிய பிறகு கத்தியால் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவுவோம். கண் தாத்தாவுக்கு. நாக்கு அப்பாவுக்கு. சுவரொட்டி என்கிற மண்ணீரல், ரத்தம் ஊறும் என்று வயசுக்கு வந்த அக்காவுக்கு. மூளை எனக்கு. யார் எதைத் தின்பது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அருவருப்பு என்ற பேச்சே எழுந்ததில்லை. பத்து வயதுக்குள் தட்டில் விழுந்த எதுவும் ஒருவருக்கு விநோதமாகத் தெரியாது என்பது கப்பலில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

கப்பலில் என் முதல் குரு பம்பாங்காவைச் சேர்ந்த பிலிப்பைன்ஸ்காரர். அவர்கள் ஆட்கள் தலைமைச் சமையல்காரரை 'மேயர்' என்று கூப்பிடுவார்கள். மேயர் ஒரு நாள் பன்றித் தலையை வேகவைத்து, காதையும் கன்னத்தையும் கரியில் வாட்டி, பொடிப் பொடியாகக் கொத்தி, வெங்காயம், மிளகாய், எலுமிச்சை மாதிரியான கலமான்சியைப் பிழிந்து 'சிசிக்' செய்தார். கடைசியில் மயோனைஸ் ஒரு கரண்டி. "ஊரில் இதற்குப் பதில் மூளை போடுவோம், அதுதான் அந்த வழவழப்பு. கப்பலில் நல்ல மூளை எங்கே கிடைக்கும்?" என்று அலுத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்குத்தான் வாய் திறந்தது. ஆச்சி, பாய், ஓலைப்பட்டை எல்லாவற்றையும் என் அரைகுறை ஆங்கிலத்தில் கொட்டினேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அதன் பிறகு என்னை வெங்காயம் உரிக்க விடவில்லை; அடுப்புப் பக்கம் நிறுத்தினார்.

ரத்தம் சமைப்பதையும் அவரிடம்தான் இன்னொரு விதமாகக் கற்றேன். நம்மூரில் ஆட்டு ரத்தத்தை உறையவிட்டு, வெந்நீரில் அவித்து, உதிர்த்து, சின்ன வெங்காயம் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியலாக்குவோம். அவர்களுடைய 'தினுகுவான்' நேர் எதிர். ரத்தம் உறையக் கூடாது. பிடிக்கும்போதே காடி கலந்து, கிளறிக்கொண்டே இருந்து, கருப்புக் குழம்பாக்கி, அரிசிமாவு இட்லி போன்ற 'புட்டோ'வோடு தின்பார்கள். பெயர் புட்டு மாதிரி ஒலிக்கும், உருவம் இட்லி. பலூட் என்கிற குஞ்சு பிடித்த வாத்து முட்டையையும் நீட்டினார்கள். ஒன்று தின்றேன். இரண்டாவது வேண்டாம் என்றேன். அதை மறைக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்பதை முகத்தைச் சுளிக்காமல் சொன்னால் எந்த நாட்டு ஆளும் கோபித்துக்கொள்ள மாட்டான். சுளித்த முகத்தைத்தான் யாரும் மறப்பதில்லை.

1996 மார்ச்சில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இம்மிங்ஹாம் துறைமுகத்தில் நின்றோம். 20-ஆம் தேதி மெஸ் ரூம் டிவியில் சுகாதார அமைச்சர் பேசினார். மாட்டுக்கு வரும் பைத்திய நோய்க்கும், இளவயதினருக்கு வரத் தொடங்கியிருந்த மூளை சிதையும் நோய் ஒன்றுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ்காரரான சீஃப் ஆபீசர் தட்டில் இருந்த பீஃபை அப்படியே தள்ளி வைத்தார். அடுத்த நாள் என் வேலை, குளிர் அறைக்குள் நின்று ஒவ்வொரு அட்டைப்பெட்டியாக இழுத்து, எந்த நாட்டுக் கறி என்று முத்திரை பார்ப்பது. பல் கிட்டித்தது. குளிரினால் பாதி, பயத்தினால் பாதி.

அந்த மாட்டு நோயை 1986-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கறி வெட்டி மிஞ்சிய எலும்பு, கழிவு, செத்த மாடு, ஆடு எல்லாவற்றையும் உருக்கி அரைத்துத் தூளாக்கி, பால் மாட்டுக்கும் கன்றுக்கும் புரதத் தீவனம் என்று போட்டிருக்கிறார்கள். புல் தின்ன வேண்டிய பசுவைப் பசுவையே தின்ன வைத்தார்கள். 1988-ல் அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். 1989-ல் மாட்டு மூளை, தண்டுவடம் போன்றவற்றை மனித உணவில் சேர்க்கக் கூடாது என்றார்கள். 1990-ல் விவசாய அமைச்சராக இருந்த ஜான் கம்மர், எல்லாம் பத்திரம் என்று காட்ட, கேமரா முன்னால் தன் சின்ன மகளுக்கு பர்கர் ஊட்டப் பார்த்தார். ஆறு வருடம் கழித்து அந்த அறிவிப்பு. பிரிட்டனில் மட்டும் 178 பேர் அந்த மனித நோயில் இறந்தார்கள். அவர்களில் யாரும் 'விநோத உணவு' தேடிப் போனவர்கள் இல்லை. கடையில் விற்ற சாதாரணக் கறியைத் தின்றவர்கள்.

இதற்குக் காரணமாகச் சொல்லப்படும் பிரியான், கிருமி வகையில் சேராது. கோணலாக மடங்கிப்போன ஒரு புரதம். பக்கத்திலிருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடக்கிக்கொண்டு போகும். 1982-ல் பெயர் வைத்த ஸ்டான்லி புருசினருக்கு 1997-ல் நோபல் கொடுத்தார்கள். சமையல்காரனுக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அதை வேகவைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும் போகாது. நன்றாக வெந்தால் எல்லாம் சரி என்று நாங்கள் அதுவரை நம்பிய சூத்திரம் இங்கே செல்லாது. அடுப்புக்கு வருவதற்கு முன்னாலேயே காரியம் முடிந்துவிடுகிறது. குளிர் அறையில் முத்திரை தேடிக்கொண்டிருந்தபோது ஆச்சியின் கேள்விதான் காதில் விழுந்தது. அட்டைப்பெட்டியிடம் எப்படிக் கேட்பது?

சில வருடம் கழித்து பப்புவா நியூ கினியில் லே துறைமுகத்தில் காபி மூட்டை ஏற்றினோம். மூட்டைகள் மலைமேல் கோரோகா பக்கத்திலிருந்து வந்தவை. அந்த மலைப்பகுதியில் ஃபோரே என்றொரு மக்கள். குடும்பத்தில் யாராவது இறந்தால் உடலைப் புழுவுக்கு விடுவதைவிடத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வது மேல் என்று நினைத்து, துக்கத்தில் அதை உண்டவர்கள். மூளை பெரும்பாலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். 'குரு' என்ற நோய் அவர்களைத்தான் அதிகமும் வாரியது. அவர்கள் மொழியில் நடுக்கம் என்று பொருள். 1957-ல் வின்சென்ட் ஸிகாஸும் கார்ல்டன் கய்டுசெக்கும் உலகுக்குச் சொன்னார்கள். கய்டுசெக் 1976-ல் நோபல் வாங்கினார். ஆனால் யார் எந்தப் பாகத்தைத் தின்றார்கள், எப்போதிலிருந்து என்று வீடு வீடாக உட்கார்ந்து கேட்டுப் புதிரை அவிழ்த்தவர்கள் ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்ற மானுடவியல் தம்பதியர். 1960-ஐ ஒட்டி அந்தச் சடங்கு நின்றது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு நோய் வரவில்லை. முன்னால் உண்டவர்களில் சிலருக்கோ நாற்பது, ஐம்பது வருடம் உறங்கிக் கிடந்து வந்தது. காட்டுமிராண்டித்தனம் என்று இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களிடம் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. பாசத்தில் உண்டவர்களைக் காட்டுமிராண்டி என்றால், காசு மிச்சம் பிடிக்கக் கன்றுக்கு மாட்டுத் தூளை ஊட்டியவர்களை என்னவென்பது?

அப்படியானால் நம்மூர் ஆட்டு மூளை? செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் இதே குடும்பத்து நோய் ஒன்று உண்டு, ஸ்கிரேப்பி என்று பெயர். இருநூறு வருடத்துக்கு மேலாக ஐரோப்பாவில் தெரிந்த நோய். மனிதருக்குத் தாவியதாக இதுவரை சான்று இல்லை. அதனால் நான் நிறுத்தவில்லை. ஆனால் தள்ளாடுகிற, சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே நிற்கிற, நோஞ்சான் ஆட்டின் எந்தப் பாகத்தையும் தொட மாட்டேன். எந்த விலைக்குக் கொடுத்தாலும்.

நார்வேயில் இந்த எச்சரிக்கையைத் தட்டிலேயே பார்த்தேன். பெர்கன் பக்கத்தில் கப்பல் பழுதுபார்க்க நின்றபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் எங்கள் மூன்று பேரை வோஸில் தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். 'ஸ்மாலஹோவே' என்றால் செம்மறித் தலை. தோலை உரிக்காமல் முடியை மட்டும் தீயில் பொசுக்கி, உப்பில் ஊறவைத்து, புகையில் காயவைத்து, பிறகு வேகவைப்பார்கள். வாசலில் நுழையும்போதே வந்த பொசுங்கிய வாசனையில் நான் தூத்துக்குடிக்குப் போய்விட்டேன். ஆளுக்கு அரைத் தலை, உருளைக்கிழங்கு, கிழங்கு மசியல். காதையும் கண்ணையும் முதலில் தின்ன வேண்டும், சூடு ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தாத்தாவும் அதையேதான் சொல்வார். ஆனால் மண்டைக்குள் வெற்றிடம். கேட்டேன். மூளையை எடுத்துவிட்டுத்தான் தருகிறோம், 1998-லிருந்து வயசான ஆட்டின் தலையையும் விற்கக் கூடாது, குட்டித் தலை மட்டும்தான் என்றார் வீட்டுக்காரர். "என் அப்பா கரண்டியால் தின்பார்" என்று சேர்த்துக்கொண்டார். குரலில் ஏக்கம் இருந்தது, எரிச்சல் இல்லை.

துருக்கியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இஸ்மிரில் கோகோரெச் அருமை. குடலைக் கம்பியில் சுற்றிக் கரியில் வாட்டி, ரொட்டிக்குள் கொத்திப் போட்டு, மிளகாய்த்தூள் தூவுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால் இதைத் தடை செய்துவிடுவார்கள் என்று கடைக்காரர் என்னிடம் ரொம்ப நேரம் புலம்பினார். மூளை சாலட் அங்கே எனக்குப் பிடிக்கவில்லை. வெறும் அவித்த மூளையில் எலுமிச்சையும் எண்ணெயும். காரமில்லாத மூளை என் நாக்குக்குக் கட்டுப்படியாகவில்லை.

சிங்கப்பூரில் ஏமாந்தது வேறு கதை. மலாய் மொழியில் 'ஓத்தாக்' என்றால் மூளை. கடைப் பலகையில் 'ஓத்தாக்-ஓத்தாக்' என்று பார்த்ததும் ஆசையாகப் பத்துத் துண்டு வாங்கினேன். பிரித்தால் மீன். மீனை மசாலாவோடு அரைத்து இலையில் பொதிந்து வாட்டியது. மூளை மாதிரி மெத்தென்று இருப்பதால் அந்தப் பெயர். அங்கே அதைச் சுருக்கிச் சொல்லும் விதத்தை ஒரு தமிழன் காதால் கேட்டுவிட்டு முகத்தை நேராக வைத்துக்கொள்வது கஷ்டம். அதை இங்கே எழுத மாட்டேன். உண்மையான மூளை பிறகு சுமத்ராவில் பாடாங்கில் கிடைத்தது, 'குலாய் ஓத்தாக்'. மாட்டு மூளை, மஞ்சளும் தேங்காய்ப்பாலும் போட்ட குழம்பு. உட்கார்ந்ததும் கேட்காமலே இருபது கிண்ணத்தை மேசையில் அடுக்குவார்கள், தொட்டதற்கு மட்டும் காசு. நுரையீரலை மொறுமொறுவென்று பொரித்து, மண்ணீரலை வறுத்து, குடலுக்குள் முட்டை அடைத்து... எந்தப் பாகத்தையும் வீணாக்காத ஊர். தேங்காய்ப்பால் மூளைக்கு ஆகாது என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆகும்; ஆனால் குழம்பு கொதித்து அடங்கிய பிறகுதான் மூளையை விட வேண்டும்.

ஆனால் மூளைக்கென்றே பிறந்த கடையை ஈரானில் பந்தர் அப்பாஸில்தான் பார்த்தேன். 'கல்லே பாச்சே'. கல்லே என்றால் தலை, பாச்சே என்றால் கால். நாம் பாயா என்கிற சொல்லும் பாரசீகக் காலிலிருந்து நடந்து வந்ததுதான். விடியற்காலை நாலு மணிக்குக் கடை திறந்திருக்கும், வெயில் ஏறுவதற்குள் பாத்திரம் கவிழ்த்துவிடுவார்கள். இரவு முழுக்கக் கொதித்த அகலமான பாத்திரத்தில் தலைகள் வட்டமாக அடுக்கியிருக்கும். நாக்கு, கன்னம், கண், மூளை, கால் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம், தனித்தனி விலை. முதலில் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு எலுமிச்சை பிழிந்து குடிக்க வேண்டும். பிறகு கறி, மேலே பட்டைத்தூள். அந்த நேரத்தில் கடையில் இருந்தவர்கள் லாரி ஓட்டுநர்கள், தொழுகை முடித்து வந்த பெரியவர்கள், ராத்திரி ஷிப்ட் முடித்த சுமைதூக்கிகள். எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் சைகையும் உடைந்த உருதுவுமாகக் கடைக்காரரிடம் கேட்டேன், இது எங்கே மேய்ந்த ஆடு என்று. உருதுவிலும் பாரசீகத்திலும் மூளைக்கு ஒரே சொல், மக்ஸ். அதனால் பாதி புரிந்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி வடக்கே மலைப்பக்கம் காட்டி, மளமளவென்று ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கிண்ணத்தில் மூளை ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது.

இதற்கிடையில் நான் சீஃப் குக் ஆகிவிட்டேன். திமிரும் வந்துவிட்டது. கேப்டன் பிறந்தநாளுக்கு மூளை வறுவல் செய்து அசத்த வேண்டும் என்று புரொவிஷன் பட்டியலில் குட்டியாட்டு மூளை நாற்பது எழுதினேன். ஒரு துறைமுகத்தில் சப்ளையர் கொண்டுவந்து இறக்கினார், உறைந்த பெட்டி. டெக்கில் வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று நான் பார்க்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் பனி உருகி மறுபடி உறைந்த தடம் இருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் கழித்து இளக வைத்தபோது பாதிக்கு மேல் கூழாக ஓடியது. லேசான புளிப்பு வாடை. அப்போதே கடலில் கொட்டியிருக்க வேண்டும். நாற்பது மூளைக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று, மசாலாவைத் தூக்கலாகப் போட்டு வறுத்துவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்குத் தொடங்கியது. ஆறு பேர். செகண்ட் ஆபீசரால் வாட்ச் என்கிற காவல் முறைக்கு நிற்க முடியவில்லை, கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் மேடையில் கேப்டனே நின்றார். அவர் என்னைத் திட்டவில்லை. "வாடை தெரிந்ததா?" என்று மட்டும் கேட்டார். தெரிந்தது என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன நிமிடத்தை இன்றைக்கும் நினைத்தால் கை வேர்க்கும்.

அன்றிலிருந்து உறைந்த மூளை நான் வாங்கியதில்லை. தசைக்கறி மாதிரி இது பொறுக்காது. நீரும் கொழுப்புமான பண்டம், ஒரு முறை இளகினாலே குலைந்துவிடும். வெட்டிய அன்றே வாங்கி அன்றே சமைக்க வேண்டும். முடிந்தால் மண்டையை நம் கண்ணெதிரே பிளக்கச் சொல்ல வேண்டும். நல்ல மூளை வெளிர் இளஞ்சிவப்பாக, முழுசாக, மேலே சவ்வு பளபளவென்று இருக்கும், வாடையே இருக்காது. சாம்பல் நிறமோ, விரல் வைத்தால் ஒட்டுகிற பிசுபிசுப்போ தெரிந்தால் பேசாமல் திரும்பிவிடலாம்.

ஆச்சி செய்ததோடு கப்பலில் கற்றதையும் சேர்த்து இப்போது நான் செய்கிற விதம் இது. குளிர்ந்த உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுவைப்பேன். ரத்தம் இறங்கிவிடும், சவ்வும் தளர்ந்து கொடுக்கும். அதை விரல் நுனியால், குழந்தைக்குக் காது குத்தின இடத்தைத் தொடுகிற மாதிரி, சிவப்பு நரம்போடு சேர்த்து உரித்தெடுக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தோற்பார்கள். பிறகு மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரைச் சூடாக்கி, தளபுளவென்று கொதிக்காமல் மெல்ல ஏழெட்டு நிமிடம். இதை மார்சேயில் ஒரு பிரெஞ்சு சமையல்காரரிடம் பார்த்தேன். புளிப்பு சேர்ந்தால் மூளை இறுகி நிற்கிறது, உடைவதில்லை. ஆறியதும் வில்லை வில்லையாக நறுக்கலாம். நல்லெண்ணெய், சீரகம், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு. மூளை விழுந்த பிறகு கரண்டி கூடாது. சட்டியைப் பிடித்துக் குலுக்க வேண்டும். "கரண்டி போட்டா களி" என்பது ஆச்சி வாக்கு.

தடுப்பே இல்லாமல் தின்ற காலமும் முடிந்தது. கப்பலாட்களுக்கு அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை உண்டு. நாற்பத்தைந்து வயதில் என் ரத்தக் கொழுப்பைப் பார்த்த டாக்டர் என்ன சாப்பிடுகிறாய் என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். சமைத்த ஆட்டு மூளை 100 கிராமில் கொலஸ்ட்ரால் 2000 மில்லிகிராமைத் தாண்டும். ஒரு கோழி முட்டையில் 200-க்குள். ஒரு மூளையே கிட்டத்தட்ட 100 கிராம் வரும். மூளைக்கு நல்லதான ஒமேகா கொழுப்பும் அதில் நிறைய இருக்கிறது, ஆச்சி அந்த மட்டுக்குச் சரிதான். இப்போது மாதம் ஒரு தடவை, அரை மூளை. கவுட் என்கிற மூட்டு வாதம் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம், யூரிக் அமிலம் ஏறிவிடும். என் கேப்டன்களில் இரண்டு பேர் ஈரலும் குடலும் தின்ற மறுநாள் பூட்ஸ் போட முடியாமல் நொண்டியதைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு ஈரல் ரத்தம் ஊறும் என்று அள்ளி வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. வைட்டமின் ஏ அதில் அளவுக்கு மீறி இருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. துருவக்கரடி ஈரலைத் தின்ற கப்பலாட்கள் தோல் உரிந்து கிடந்த கதையெல்லாம் வடகடல் மாலுமிகளிடம் உண்டு. கரடி சீல் என்கிற கடல்நாயைத் தின்கிறது, சீல் மீனைத் தின்கிறது, வைட்டமின் எல்லாம் கரடி ஈரலில் வந்து சேர்ந்துவிடுகிறது.

அந்தக் கதையைக் கேட்டபோது ஊரில் ஆமை தின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. தூத்துக்குடிக் கரையில் ஒரு காலத்தில் கடலாமை அறுப்பார்கள். சூடு ஆறுமுன் ரத்தத்தை டம்ளரில் பிடித்து மூலத்துக்கு நல்லது என்று குடித்தவர்களை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பேராமையை அறுப்பார்கள். அழுங்காமை மாட்டினால் கிழவர்கள் தொடவே விடமாட்டார்கள். பேராமை கடற்புல் தின்னும். அழுங்காமை தின்பது கடற்பஞ்சு. அதன் நஞ்சு கறியில் ஏறிக்கொண்டால் எவ்வளவு வேகவைத்தாலும் தின்றவனைச் சாய்த்துவிடும். புத்தகம் படிக்காத கிழவர்களுக்கு அது தெரிந்திருந்தது. இன்றைக்கு எந்த ஆமையையும் தொடக் கூடாது, வனவிலங்குச் சட்டப்படி ஜெயில். உடும்புக்கும் அப்படித்தான். வெளிநாட்டில் யாராவது விநோதக் கறி என்று காட்டு உயிர் எதையாவது நீட்டினால் நான் விலகிவிடுவேன். அது எதைத் தின்றது என்று சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், போலீஸ் மட்டும் இருக்கும்.

நான் கரையேறி ஆறு வருடமாகிறது. போன மாதம் மகன் செல்போனில் தட்டி மூளை வரவழைத்தான். பிளாஸ்டிக் டப்பா, ஐஸ் பை, மேலே தேதி, எடை, மணி எல்லாம் அச்சடித்திருந்தது. கொண்டுவந்த பையனிடம் வாசலில் நின்று கேட்டேன்.

"தம்பி, இது எங்க மேஞ்ச ஆடு?"

பையன் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஃப்ரெஷ்தான் அண்ணாச்சி. இன்னிக்குத் தேதி போட்ருக்கு பாருங்க."

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். டப்பாவைத் திறந்தேன். நிறம் சரியாக இருந்தது, வாடை இல்லை. உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, சவ்வு தளர அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு விடியுமுன் பழைய கறிக்கடைத் தெருவுக்கு நடந்தேன். பாயின் பேரன் புளியங்கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் சொன்னான்:

"எட்டயபுரம் ஆடு, அண்ணாச்சி."